“என்னைப் பார்த்தா அப்படித் தெரியுதுங்களா?”

இந்தத் தலைப்பு, 2002-ல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு லாரி டிரைவர் என்னிடம் கேட்டது. கொங்குப் பக்கம் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை. எங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை அறைக்கு அப்போது வி.சி.டி.சி. என்று பெயர். அப்புறம் ஐ.சி.டி.சி. என்று ஆனது. மக்கள் வாயில் அது நம்பிக்கை மையம். அங்கே 22 வருடம் ஆலோசகராக உட்கார்ந்திருந்தேன். அந்த டிரைவர் சலவை செய்த சட்டை, நெற்றியில் திருநீறு, பாக்கெட்டில் மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று வந்திருந்தார். ரிசல்ட் பாசிட்டிவ். “என்னைப் பார்த்தா அப்படித் தெரியுதுங்களா மேடம்?” என்றார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். யாரைப் பார்த்தும் தெரியாது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது.

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் அடியில் இருப்பது அதே கேள்விதான். பெயர், ஊர் அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. ஐ.டி. வேலை. தை மாதம் கல்யாணம். போன வாரம் சலூனில் ஷேவிங் செய்தபோது புது பிளேடு போட்டாரா என்று கவனிக்கவில்லை. தாடையில் சின்னக் கீறல், ரத்தம் வந்தது. அன்றிலிருந்து தூக்கமில்லை. கூகுளில் பார்த்துப் பார்த்து மண்டை காய்கிறது. மற்றபடி எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. உடன் வேலை பார்த்த தோழியோடு மூன்று முறை உறவு இருந்தது. படித்த பெண், நல்ல குடும்பம், அதனால் ஆணுறை தேவைப்படவில்லை. சலூன் விஷயத்துக்காக டெஸ்ட் எடுக்கணுமா?

தம்பி, டெஸ்ட் எடுங்கள். ஆனால் சலூனுக்காக வேண்டாம்.

எச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே வந்தால் தாக்குப்பிடிக்கத் தெரியாத கிருமி. ரத்தம் காய்ந்தால் அதன் கதையும் பெரும்பாலும் முடிந்தது. ஷேவிங் பிளேடால் வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அதற்காகப் புது பிளேடு கேட்பதை விட்டுவிடாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இடத்திலும் ஒரு வாரம் வரை உயிரோடு கிடக்கும்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தாடைக் கீறலுக்கு நாலு வரி. ஆணுறை இல்லாமல் மூன்று முறை நடந்த உறவு, ‘மற்றபடி’க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்தது கீறல். டெஸ்ட் எடுக்க வேண்டியது மற்றதற்கு.

அந்தப் பெண் நல்ல குடும்பம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்களும் நல்ல பையன்தான். அவரும் உங்களைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பார்: நல்ல வேலை, மரியாதையான பேச்சு, இவனுக்கு என்ன இருக்கப் போகிறது என்று. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்தே ஒருவரையொருவர் பாஸ் பண்ணிவிட்டீர்கள். கிருமி உள்ளே வந்து எட்டு, பத்து வருடம் வரை வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். சிலருக்கு முதல் சில வாரங்களில் சாதாரணக் காய்ச்சல் போல ஒன்று வந்து போகும். அதை யாரும் எச்.ஐ.வி. என்று நினைப்பதில்லை.

இப்படி முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னது நீங்கள் மட்டும் இல்லை. ஒரு நாடே அப்படித்தான் இருந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரிக்கக் கிளம்பியபோது, இது மேல்நாட்டு வியாதி, நம் பண்பாட்டில் வராது என்பதுதான் பொதுப் பேச்சு. சென்னைப் பெண்களிடம் எடுத்த அந்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அதற்கு முன்பும் கிருமி இங்கே இருந்திருக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

உங்களுக்கு ‘புள்ளிராஜா’ நினைவிருக்காது, அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க விளம்பரப் பலகைகளில் ஒரே கேள்வி: “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” டீக்கடை, பஸ் ஸ்டாண்டு எங்கும் அதே பேச்சு. எங்கள் மையத்துக்கு வந்தவர்களும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். அந்த விளம்பரம் வாய் திறக்காத ஊரைப் பேசவைத்தது, அதற்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் போகப் போக அந்தப் பெயர் ஒரு கிண்டலாகிவிட்டது. ஊருக்குள் யார் புள்ளிராஜா என்று கை காட்டினார்களே தவிர, தன்னை நோக்கிக் கை நீட்டிக்கொண்டவர் குறைவு. ‘அவன் அந்த மாதிரி ஆள், நான் இல்லை’ என்று சொன்ன பலருக்கு நான் ரிசல்ட் கொடுத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். கடைசி உறவு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் ஒரே டெஸ்ட் போதும், ரிசல்ட்டை முழுதாக நம்பலாம். ஆகவில்லை என்றால் இப்போது ஒன்று, மூன்று மாதம் முடிந்ததும் இன்னொன்று. சிபிலிஸ் என்ற பால்வினை நோய், ஹெபடைடிஸ் பி இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பெண்ணிடமும் பேசுங்கள். ஜாதகம் பார்த்த வீட்டில் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசுவது தப்பில்லை. “நானும் எடுத்துக்கிறேன், நீயும் எடுத்துக்கோ” என்று நீங்கள் முதலில் சொன்னால் அவருக்கு அது அவமானமாக இருக்காது.

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. வீட்டுக்காரர் லைன் வண்டி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்ப 20, 25 நாள் ஆகும். நல்ல மனுசன், பணம் ஒழுங்காக வந்துவிடும். போன மாதம் அவருடைய கூட்டாளி ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. எனக்கு இரண்டாவது பிரசவத்திலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது போய் ஆணுறை போடச் சொன்னால் “என்னைச் சந்தேகப்படறயா” என்பார். இல்லாவிட்டால் “உனக்கு எதுக்கு இப்ப அது” என்று என்மேலேயே திரும்பிவிடும். எப்படிக் கேட்பது?

கண்ணு, நீங்கள் எழுதியதில் அந்த ஆபரேஷன் விஷயத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். நம் பக்கத்தில் ஆணுறை என்றாலே பிள்ளை வேண்டாம் என்பதற்குத்தான். இரண்டாவது குழந்தையோடு அம்மாவுக்கு ஆபரேஷன், அன்றோடு ஆணுறை வீட்டை விட்டுப் போய்விடுகிறது. “வீட்ல எதுக்குங்க மேடம், அவளுக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சே” என்று எத்தனை டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? ஆபரேஷன் பிள்ளைக்குத்தான் கதவடைத்தது. கிருமிக்கு அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

டிரைவர்கள் சொல்லும் கணக்கு எனக்கு மனப்பாடம். இன்ஜின் பக்கத்திலேயே ராத்திரி பகலாக உட்கார்ந்து உடம்பு சூடாகிறது, சூடு இறங்கணும், இறங்காவிட்டால் கண் எரியும், வண்டி ஓட்ட முடியாது. உடம்புச் சூட்டுக்கு மோர் இருக்கிறது, இளநீர் இருக்கிறது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிறது. சூடு தணிய உறவு தேவை என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை என்று சொல்வேன், சிரிப்பார்கள். முடிந்த பிறகு டெட்டாலில் கழுவுகிறோம், எலுமிச்சைச் சாற்றில் கழுவுகிறோம், சோடா ஊற்றுகிறோம் என்பார்கள். அதெல்லாம் அந்த மெல்லிய தோலை அரித்துப் புண்ணாக்கும். புண்ணான தோல் கிருமிக்கு இன்னும் வசதி.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தெரியாத பெண் என்றால் மறக்காமல் ஆணுறை போடுகிற ஆண்கூட, அதே பெண்ணிடம் நாலைந்து தடவை போய்ப் பழகிவிட்டால் விட்டுவிடுவார். “அவ நம்ம ஆளுங்க மேடம்.” பழக்கம் வந்ததும் பயம் போய்விடுகிறது. கிருமி மட்டும் அங்கேயே இருக்கிறது.

உங்கள் கணவர் இப்படி என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். என் மேசைக்கு எதிரில் பாசிட்டிவ் ரிசல்ட் வாங்கிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆண் அவர்களுடைய கணவர்தான். அவர்கள் செய்த தப்பு என்று ஒன்றுமே இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆணுறையில் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். டெஸ்ட்டில் ஆரம்பியுங்கள். கூட்டாளி விஷயம் கையில் இருக்கிறது, அது நல்ல வாசல். சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, “அவருக்கு இப்படி ஆயிருச்சுன்னு கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்லைங்க. ரெண்டு பேரும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துரலாம், எனக்கும்தான்” என்று சொல்லுங்கள். அந்த ‘எனக்கும்தான்’ முக்கியம். அவரை மட்டும் கூண்டில் நிற்க வைத்த மாதிரி இருக்காது.

ஒரு அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். வெள்ளைப்படுதல் என்று தனியாக வந்தார். பால்வினைத் தொற்றுகளைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்கு அனுப்பினேன். பரிசோதித்த டாக்டர், கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் தீரும், அழைத்து வாருங்கள் என்றார். அடுத்த வாரம் இரண்டு பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு சாம்பல் நிற மருந்துப் பை. மருந்து முடிகிறவரை கட்டாயம் ஆணுறை என்று டாக்டரே சொல்லிவிட்டார், அந்த அம்மா வாய் திறக்கவே தேவைப்படவில்லை. கணவர் ஆணுறைகளைத் தினத்தாள் ஒன்றில் சுற்றினார், மஞ்சப் பைக்குள் வைத்தார், திருப்தி இல்லாமல் மகளுக்கு வாங்கியிருந்த வளையல் டப்பாவை அதன்மேல் வைத்து மூடினார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு அவரே மாதம் ஒருமுறை வந்து வாங்கிப் போவார். உங்களுக்கும் அப்படி உடம்பில் தொந்தரவு ஏதாவது இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். பால்வினைத் தொற்று ஒன்று இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பல மடங்கு ஏறும், அது தனிக் காரணம்.

அவர் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போங்கள். யார் கையெழுத்தும் வேண்டாம், காசும் வேண்டாம். கேட்டதற்குக் கை ஓங்குகிற ஆள் என்றால் இந்தப் பேச்சைத் தனியாக எடுக்காதீர்கள். 181 மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள். அல்லது மையத்தில் ஆலோசகரிடம் சொல்லுங்கள், அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

கேள்வி: மேடம், ஆணுறை போட்டுத்தான் போனேன், நடுவில் கிழிந்துவிட்டது. ஐந்து நாள் ஆகிறது. ஏதாவது மாத்திரை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் உங்களுக்கு நேரம் தாண்டிவிட்டது. தொற்றைத் தடுக்கும் அந்த மாத்திரையைப் பெப் என்று சொல்வோம். சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். இதைப் படிக்கிற மற்றவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கிழிந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், அன்றைக்கே அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ, ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கோ போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். உங்களுக்கு இப்போது ஒரு டெஸ்ட், மூன்று மாதம் கழித்து ஒரு டெஸ்ட். அதுவரை மனைவியிடம் ஆணுறையோடுதான்.

ஏன் கிழிந்தது என்று எழுதவில்லை. ஒருமுறை ஒருவர் “எப்பவும் கூடவே வச்சிருக்கேன் மேடம்” என்று பெருமையாகப் பர்ஸைத் திறந்து காட்டினார். டிரைவிங் லைசென்சுக்கும் ஒரு பழைய ஐம்பது ரூபாய்க்கும் நடுவில் ஒரு பாக்கெட். உள்ளே இருக்கிற வளையம் உறைமேல் அச்சாகப் பதிந்து, ஓரத்தில் வெள்ளிப் பூச்சு உதிர்ந்து, விரலால் அழுத்தினால் காற்றே இல்லை. பிரித்தோம். வழுவழுப்புப் பசை காய்ந்து, ரப்பர் ஒட்டிக்கொண்டு, இழுத்ததும் பிய்ந்து வந்தது. எத்தனை மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து அதை நசுக்கினாரோ. டேஷ்போர்டில் வைத்தாலும் வெயிலில் இதே கதி. நிழலான இடத்தில் வையுங்கள். தேதி பாருங்கள். அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் பாக்கெட் முழுசாக இருக்கிறது. பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள். போடும்போது நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். பாதுகாப்புக்கு இரண்டு போடுகிறேன் என்பவர்கள் உண்டு. இரண்டும் உரசிக் கிழியும், ஒன்றே போதும்.

முக்கியமாகத் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருப்பது அதுதான். அதுவும் வாசலைனும் ரப்பரை நிமிடக் கணக்கில் பலமிழக்கச் செய்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மருந்துக் கடையில் தண்ணீர் சேர்ந்த ஜெல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. 24 வயது ஆண், சென்னை. எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. ஆப் மூலம் பழகியவர், “நான் கிளீன், ரிப்போர்ட் பார்” என்று போனில் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முந்தைய நெகட்டிவ் ரிப்போர்ட். இதை நம்பலாமா? பிரெப் என்று ஒரு மாத்திரை இருக்கிறதாமே? ஒரு தடவையில் வர வாய்ப்பு 1 சதவீதம்தான் என்று நண்பன் சொல்கிறான்.

தம்பி, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. எங்கள் அறையில் இதைச் சொல்ல முடியாமல் ‘நண்பனுக்காகக் கேட்கிறேன்’ என்று ஆரம்பித்தவர்கள் ஏராளம்.

முதலில் அந்த ‘கிளீன்’ என்ற சொல். அது நெகட்டிவ் என்றால், கிருமி உள்ளவர் அழுக்கா? அந்தச் சொல் இருக்கிறவரை ஒருவரும் தன் நிலையை உண்மையாகச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் ரிப்போர்ட். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது, அதற்கும் மூன்று மாதம் முன்பு வரை அவர் எப்படி இருந்தார் என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். நேற்றைய அவரைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

உங்கள் நண்பர் சொன்ன எண் பொய் இல்லை. கிருமி உள்ள, சிகிச்சையில் இல்லாத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் ஒருமுறை ஆசனவாய் வழி உறவு கொண்டால், உள்வாங்குபவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்குச் சுமார் 138. செலுத்துபவருக்கு 11. ஆண் பெண் உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. கேட்டால் சின்ன எண்கள்தான். ஆனால் அவை சராசரி. கிருமி புதிதாக நுழைந்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும், அப்போது அந்த எண் பல மடங்கு. டெஸ்ட்டில் அது இன்னும் பிடிபடாத நாட்களும் அதேதான். புண் இருந்தால் இன்னும் கூடும். ஒருமுறைக்கான கணக்கை வாராவாரம் போடுகிறவருக்கு வருட முடிவில் வேறு கணக்கு வரும். முதல் தடவையிலேயே வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன், ஐந்து வருடம் வாங்காதவரையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாமவர்தான் என்னைக் கவலைப்பட வைப்பவர். ‘இத்தனை நாள் வரலையே, இனி வராது’ என்று அவர் நம்ப ஆரம்பித்திருப்பார்.

பிரெப் உண்மைதான், நல்ல விஷயம்தான். கிருமி இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரை. ஒழுங்காக எடுத்தால் பாதுகாப்பு மிக அதிகம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022-ல் இதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. டாக்டரைப் பார்க்காமல் மருந்துக் கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் டெஸ்ட். பிரெப் சிபிலிஸைத் தடுக்காது, அதனால் ஆணுறையையும் ஜெல்லையும் கைவிடாதீர்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 41 வயது. கணவர் இறந்து 12 வருடம். 11 வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன், ஒரு நாள் தவறியதில்லை. வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, ‘கண்டறியப்படவில்லை’ என்றே மூன்று வருடமாக வருகிறது. மனைவியை இழந்த ஒருவர் எல்லாம் தெரிந்தே என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை. நான் அவரை நோயாளியாக்கிவிடுவேனோ என்று கை நடுங்குகிறது.

கட்டிக்கொள்ளுங்கள் அம்மா.

இது ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை. ஒருவருக்கு மட்டும் கிருமி உள்ள 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் கவனித்தார்கள், நம் சென்னையும் அதில் ஓர் இடம். சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் முடிவு வந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் மருந்தால் கிருமி அடங்கியவர்களையும் அவர்களுடைய துணைகளையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2016-லும் 2019-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் லட்சத்துக்கும் மேற்பட்ட உறவுகள். அந்தத் துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. பூஜ்யம். நீங்கள் மருந்தைத் தொடர்கிறவரை, வைரல் லோட் இப்படியே இருக்கிறவரை, உங்களிடமிருந்து அவருக்கு உறவின் மூலம் எச்.ஐ.வி. போகாது.

இதை எழுதும்போது பழைய நாட்கள் கண்முன் வருகின்றன. 2004 ஏப்ரலில் நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது, தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. அதற்கு முன் ரிசல்ட்டைக் கொடுத்துவிட்டு, சத்தான சாப்பாடு சாப்பிடுங்கள் என்று சொல்வதைத் தவிர என்னிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்ட அந்த டிரைவர் 2003-ல் இறந்துபோனார். மருந்து ஒரு வருடம் முந்தியிருந்தால் என்று இன்றும் நினைப்பேன். உங்களைப் போல 11 வருடம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை விழுங்கிவிட்டு இன்னொருவருக்காகக் கை நடுங்குகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுகிறது.

அவரையும் அழைத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒருமுறை போங்கள். டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். ஆணுறை வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். குழந்தை ஆசை இருந்தாலும் அங்கேயே பேசலாம், இந்த வயதில் அதற்குத் தனியாக மகப்பேறு டாக்டரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இலவசமாக டெஸ்ட் ஆகட்டும் என்று ரத்த தானம் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். கிருமி நுழைந்த முதல் நாட்களில் எந்த டெஸ்ட்டும் அதைப் பிடிக்காமல் விடலாம். அந்த ரத்தம் ஒரு பிரசவத் தாய்க்கோ விபத்தில் அடிபட்டவருக்கோ போகும். நம்பிக்கை மையத்தில் அதே டெஸ்ட் இலவசம்.

கேள்வி: கொசு, முத்தம், ஒரே டம்ளர், பொதுக் கழிப்பறை?

நான்கிலும் வராது. கொசுவால் வருவது டெங்கு.

கேள்வி: அக்கா, எனக்கு 20 வயது. காலேஜ் ஹாஸ்டல். டெஸ்ட்டுக்குப் போக ஆசைதான், ஆனால் உள்ளே என்ன கேட்பார்கள் என்று தெரியாமல் இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

வாசல் வரை இரண்டு முறை போனீர்கள் பாருங்கள், அதுவே பாதி.

அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் லேப் எங்கே என்று கேளுங்கள், பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். போகும் முன் வீட்டில் இருந்தே பேச வேண்டும் என்றால் 1097-க்கு அடியுங்கள், கட்டணம் கிடையாது. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஆலோசகர். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லி நீங்களே கேட்கலாம். பெயர், வயது, முகவரி கேட்பார்கள், உங்களுக்கு ஓர் எண் தருவார்கள். எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார்கள். ‘தப்பு செஞ்சியா’ என்று கேட்கக் கூடாது, கேட்டால் அது அவர் வேலை இல்லை. மேசைமேல் மரத்தில் செய்த ஆண்குறி மாதிரி ஒன்று இருக்கலாம், ஆணுறை போடுவதைச் செய்து காட்ட வைத்திருப்பார்கள். பார்த்துப் பயப்படாதீர்கள், நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவும் முடியாது, ரிசல்ட்டை ஹாஸ்டலுக்கோ வீட்டுக்கோ சொல்லவும் முடியாது. 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அதைச் சொல்கிறது.

அப்புறம் லேபில் கொஞ்சம் ரத்தம். பெரும்பாலும் அன்றைக்கே ரிசல்ட், அதை உங்கள் கையில் மட்டும்தான் தருவார்கள். காலையில் ஓ.பி. கூட்டம் அதிகமாக இருக்கும், பதினொன்றரைக்கு மேல் போங்கள். வெளியே பெஞ்சில் உட்காரும்போது பக்கத்தில் கர்ப்பிணிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லாருக்கும் இதே டெஸ்ட்தான். உங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போங்கள்.